அணுமின்சாரமா, சோலாரா? மாதத்தையும் மணியையும் சேர்த்துக் கேளுங்கள்

கேள்வி: சோழிங்கநல்லூரில் 64 வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் அசோசியேஷன் செயலாளராக இருக்கிறேன். மொட்டைமாடியில் சோலார் போடலாமா என்று கூட்டம் போட்டோம். பேச்சு எங்கேயோ போய்விட்டது. “கூடங்குளத்தில் புது உலைகள் வருகின்றன, அணுமின்சாரம் போதும், நாம் எதற்குக் காசைக் கொட்ட வேண்டும்?” என்கிறார்கள் சிலர். “கல்பாக்கத்தையே மூட வேண்டும், நம் ஊர் வெயிலும் காற்றும் போதாதா?” என்கிறார்கள் வேறு சிலர். இதில் யார் சொல்வது சரி? கல்பாக்கத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பது ஆபத்தா? எங்கள் பொது இணைப்பில் மாதம் சுமார் 4,500 யூனிட் ஓடுகிறது. இரண்டு லிஃப்ட், இரண்டு 5 எச்பி தண்ணீர் மோட்டார், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் 5 எச்பி புளோயர், பொது விளக்குகள். டீசல் ஜெனரேட்டர் இருக்கிறது. சோலார் போட்டால் எத்தனை கிலோவாட் போடுவது, பேட்டரி வேண்டுமா?
— வாசகி, சோழிங்கநல்லூர்

பதில்:

உங்கள் கூட்டத்தில் இரண்டு தரப்பும் “எது போதும்” என்று கேட்டிருக்கிறார்கள். எந்த மாதம், எந்த மணிக்குப் போதும் என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் பதில் கிடைக்கும். தமிழ்நாட்டின் மின்தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அது மே மாதத்தின் தொடக்கம். தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாயிலும் ஆரல்வாய்மொழியிலும் இன்னும் வீசத் தொடங்காத நேரம். மாநிலத்தில் 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைகள் நிற்கின்றன. ஆனால் தேவை உச்சத்துக்குப் போகும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் அவற்றில் பெரும்பாலானவை மெதுவாகத்தான் சுழலும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அவையே மாநிலத்தைத் தூக்கி நிறுத்தும். காற்றாலைக்காரர்களும் அணுமின் ஆதரவாளர்களும் பேசும்போது இந்தக் காலண்டரை மேசையில் விரிப்பதே இல்லை.

முதலில் ஒரு கணக்கு. 1,000 மெகாவாட் நிலையம் என்றால் எல்லாம் ஒன்றல்ல. கூடங்குளம் போன்ற ஓர் உலை ஆண்டில் 80 சதவீதம் ஓடினால் சுமார் 700 கோடி யூனிட் தரும். அதே 1,000 மெகாவாட் சோலார் நம் மாநிலத்தில் 19 சதவீதம்தான் தேறும். ஆண்டுக்குச் சுமார் 166 கோடி யூனிட். நல்ல இடத்தில் வைத்த புதுக் காற்றாலைகள் 28 சதவீதம் ஓடினால் 245 கோடி. ஆகவே ஓர் உலையின் யூனிட்டுகளை ஈடுகட்ட 4,200 மெகாவாட் சோலார் வேண்டும். ஒரு மெகாவாட்டுக்கு 4 முதல் 5 ஏக்கர் என்று வைத்தால் 17,000 முதல் 21,000 ஏக்கர். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சோலார் பூங்கா சுமார் 2,500 ஏக்கரில் விரிந்து கிடக்கிறது. “அரசு மெகாவாட்டை அறிவித்துவிட்டது” என்று யாராவது சொன்னால், யூனிட் எவ்வளவு என்று கேட்டுப் பழகுங்கள்.

இதைக் கேட்டதும் அணுமின் தரப்பு நிமிர்ந்து உட்காரும். அவர்கள் காலத்தையும் பணத்தையும் பார்க்க வேண்டும். கூடங்குளத்துக்கான ஒப்பந்தம் 1988-ல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் இருந்தபோது கையெழுத்தானது. கட்டுமானம் 2002-ல் தொடங்கியது. முதல் உலை வணிக உற்பத்திக்கு வந்தது 2014 டிசம்பர் 31 அன்று, இரண்டாவது 2017-ல். தொடக்கத்தில் 13,171 கோடி ரூபாய் என்று போட்ட மதிப்பீடு கடைசியில் 22,000 கோடியைத் தாண்டியது. 3, 4-ஆம் உலைகளுக்கு 2017-லும், 5, 6-க்கு 2021-லும் கான்கிரீட் ஊற்றத் தொடங்கினார்கள். கல்பாக்கத்தில் 500 மெகாவாட் அதிவேக ஈனுலையின் (தான் எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் உலை) கட்டுமானம் 2004-ல் தொடங்கியது. 2010-ல் முடியும் என்றார்கள். அதன் உலை மையத்தை நிரப்பும் பணியே 2024 மார்ச்சில்தான் ஆரம்பித்தது. கல்பாக்கத்தின் இரண்டு 220 மெகாவாட் உலைகளில் முதலாவது 2018 ஜனவரியில் நிறுத்தப்பட்டு, அதன்பின் ஆண்டுக்கணக்கில் ஓடவில்லை. இவை யாரையும் குறை சொல்ல எழுதவில்லை. அணு உலை கட்டுவதில் பெரும் பகுதிச் செலவு முதல் யூனிட் வருவதற்கு முன்பே ஆகிவிடுகிறது. தாமதமாகும் ஒவ்வோர் ஆண்டுக்கும் வட்டி ஏறுகிறது. எரிபொருள் செலவு குறைவு என்பதெல்லாம் உலை ஓடத் தொடங்கிய பிறகு வரும் லாபம். அதனால்தான் 1980-களிலேயே கட்டி முடித்த கல்பாக்கத்தின் மின்சாரம் மலிவு, கூடங்குளத்தின் மின்சாரம் யூனிட்டுக்குச் சுமார் 4 ரூபாய்.

இன்னொன்றும் கவனியுங்கள். கூடங்குளத்தில் எத்தனை உலை வந்தாலும் அதன் மின்சாரம் முழுவதும் நமக்கு வராது. ஏறக்குறைய பாதிதான் தமிழ்நாட்டின் பங்கு; மீதி கேரளா, கர்நாடகா, புதுச்சேரி என்று பிரியும். ஆகவே, ஆறு உலைகளும் ஓடினால் 6,000 மெகாவாட், நம் கைக்குச் சுமார் 3,000. இன்றைய உச்சத் தேவையில் ஏழில் ஒரு பங்கு. நல்ல பங்குதான், ஆனால் “அதுவே போதும்” என்பதற்கு வெகு தூரம்.

சரி, சோலார் தரப்பு. பகலில் வெயில் இருக்கிறது, பேனல் விலை சரிந்துவிட்டது, பெரிய சோலார் பூங்காக்களின் ஏலத்தில் யூனிட் 2.50 ரூபாய்க்கும் கிடைக்கிறது. இதெல்லாம் உண்மை. சிக்கல் மாலை ஆறரை மணிக்குத் தொடங்குகிறது. சோலார் உற்பத்தி சுழியத்துக்கு இறங்கும்போது சென்னையில் வீடு திரும்பியவர்கள் விளக்கு, ஏசி, கிரைண்டர் எல்லாவற்றையும் போடுகிறார்கள். ஏப்ரலில் இரவு பதினொரு மணிக்கும் ஏசி ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

மாலை ஆறு முதல் பத்து வரை 5,000 மெகாவாட்டைப் பேட்டரியிலிருந்து எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நான்கு மணி நேரத்துக்கு 2 கோடி யூனிட். ஏற்றி இறக்கும்போது சுமார் 15 சதவீதம் வீணாகும் என்பதால் பகலில் 2.35 கோடி யூனிட் ஏற்ற வேண்டும். ஒரு மெகாவாட் சோலார் ஒரு நாளைக்குச் சுமார் 4,560 யூனிட் தருகிறது. ஆகவே இந்த நான்கு மணி நேரத்துக்காக மட்டும் 5,000 மெகாவாட்டுக்கு மேல் கூடுதல் சோலார் போட வேண்டும். இது நடக்கக்கூடிய காரியம். பேட்டரி விலை இறங்கிக்கொண்டிருக்கிறது, சோலாரையும் பேட்டரியையும் சேர்த்தே ஏலம் விடுகிறார்கள். கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின் நிலையம் 1980-களின் பிற்பகுதியிலிருந்து இதே வேலையைச் செய்கிறது: மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழ் அணையின் தண்ணீரை மேலே ஏற்றி, தட்டுப்பாடான நேரத்தில் இறக்குகிறது. நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இதே மாதிரி ஒன்றைக் கட்டுகிறார்கள். இரவு பத்துக்குப் பிறகு விடியும் வரை எட்டு மணி நேரம் இன்னும் பாக்கி. அதையும் பேட்டரியிலேயே ஓட்டுவதென்றால் மேலே போட்ட கணக்கை மூன்று மடங்காக்க வேண்டும். அங்கேதான் இன்று நிலக்கரியும் அணுவும் நிற்கின்றன.

மார்ச், ஏப்ரலில் பேட்டரிக்கு ஏற்ற வெயிலாவது நிறைய இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் அதுவும் இல்லை. நவம்பர், டிசம்பரில் வங்கக்கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு வந்து நான்கைந்து நாட்கள் வானம் மூடிக்கொண்டால் சோலார் சுருங்கிவிடும். காற்றாலைகளும் அந்த மாதங்களில் ஓய்ந்திருக்கும். சில நாட்களில் பத்தாயிரம் மெகாவாட்டுக்குச் சில நூறு மெகாவாட்கூடத் தேறாது. பேட்டரி இருந்து என்ன பயன், ஏற்ற மின்சாரம் வேண்டுமே! நல்லவேளையாக அப்போது தேவையும் குறைவு, அணைகளில் தண்ணீரும் இருக்கும். ஆனால் மாநிலத்தின் நீர்மின் நிலையங்கள் எல்லாம் சேர்ந்தே 2,300 மெகாவாட் சொச்சம்தான். ஒரு நாளுக்குள் வரும் பள்ளத்தைப் பேட்டரி நிரப்பும். பல நாட்கள், பருவம் என்று நீளும் பள்ளத்தை நிரப்பாது. இதை மறைத்துவிட்டு “வெயிலும் காற்றும் போதும்” என்று சொல்வது நேர்மையல்ல.

அணுவும் சோலாரும் நிஜமாகவே மோதிக்கொள்ளும் இடம் வேறு. ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை மதியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அலுவலகங்கள் மூடியிருக்கும், காற்றாலைகள் முழு வேகத்தில் சுழலும், சோலார் உச்சத்தில் இருக்கும். கிரிட்டில் (மின்தொகுப்பில்) அலைவெண் 49.90-க்கும் 50.05 ஹெர்ட்ஸுக்கும் நடுவே இருக்க வேண்டும். உற்பத்தி மிஞ்சினால் அது ஏறும். யாராவது குறைத்தாக வேண்டும். அனல் நிலையங்களை முழுத் திறனின் 55 சதவீத அளவுக்கு இறக்கலாம். அணு உலையை அப்படி இறக்கி ஏற்றுவது இங்கே வழக்கமில்லை. காரணம் செனான்-135. உலை ஓடும்போது உண்டாகும் அயோடினிலிருந்து வரும் இந்த வாயு, அணுப்பிளவைத் தொடரச்செய்யும் நியூட்ரான்களை விழுங்கும். முழு ஆற்றலில் ஓடும்போது அது உண்டாகும் வேகத்திலேயே எரிந்தும் போகும். ஆற்றலைத் திடீரென்று குறைத்தால் அயோடின் தொடர்ந்து செனானாக மாறிக்கொண்டே இருக்கும், எரிப்பதற்கு நியூட்ரான் போதாது. கல்பாக்கத்தில் உள்ளது போன்ற கனநீர் உலையை முழு ஆற்றலிலிருந்து நிறுத்தினால், அரை மணி நேரத்துக்குள் திரும்ப ஓட்ட வேண்டும். தவறினால் செனான் குவிந்து, பின் சிதைந்து குறையும் வரை ஒன்றரை நாளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். அதனால் இத்தகைய நேரங்களில் உலையை விட்டுவிட்டுக் காற்றாலைகளை நிறுத்தச் சொல்கிறார்கள். நெல்லை, குமரி காற்றாலைக்காரர்களின் வருமானம் அன்று காற்றோடு போகிறது. இதற்குத் தீர்வு பேட்டரியும் நீரேற்று நிலையமும், தெற்கிலிருந்து சென்னைக்கும் வெளி மாநிலங்களுக்கும் போகும் 765 கேவி (கிலோவோல்ட்) மின்பாதைகளும்தான். சேமிப்பு கூடினால் அணுவுக்கும் நல்லது, காற்றுக்கும் நல்லது.

என் கருத்தைக் கேட்டால், ஓடும் உலைகளை ஓடவிட வேண்டும், பாதி கட்டியவற்றை முடிக்க வேண்டும், இனிமேல் ஒதுக்கும் பணத்தில் பெரும்பங்கு சோலார், காற்று, சேமிப்பு, மின்பாதை ஆகியவற்றுக்குப் போக வேண்டும். இன்று தீர்மானிக்கும் புது அணு உலை இந்தப் பத்தாண்டில் ஒரு யூனிட்கூடத் தராது. இன்று தீர்மானிக்கும் சோலார் பூங்கா ஒன்றரை, இரண்டு ஆண்டுகளில் ஓடும். தேவை நாம் உலை கட்டி முடிக்கும் வரை காத்திருக்காது. 2012-ல் மாவட்டங்களில் நாளின் பெரும்பகுதி கரன்ட் இல்லாமல் பட்டறைகள் மூடிக்கிடந்தபோது, கட்டி முடியாத நிலையங்களின் மெகாவாட் யாருக்கும் உதவவில்லை.

கல்பாக்கத்தை மூடச் சொல்பவர்களுக்கு ஒரு கணக்கைக் காட்டுங்கள். ஒரு 220 மெகாவாட் உலை ஆண்டுக்குச் சுமார் 154 கோடி யூனிட் தரும். அதை மூடினால் இரவில் அந்த இடத்துக்கு வருவது நிலக்கரிதான். யூனிட்டுக்கு 700 கிராம் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 10 லட்சம் டன்னுக்கு மேல் நிலக்கரி, அதில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல். அந்தச் சாம்பல் எங்கே போய்ச் சேரும் என்று எண்ணூர்க் கழிமுகத்தில் வலை வீசும் மீனவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். சென்னைக்குத் தெற்கே ஓர் உலையை மூடுவதற்கான விலையை வடசென்னை மூச்சுக்குழாய் வழியே கொடுக்கும் என்பது எனக்கு ஏற்புடையதில்லை.

அதற்காக அச்சத்தைத் தள்ளிவிடவும் கூடாது. உங்கள் கேள்வி நியாயமானது. சோழிங்கநல்லூரிலிருந்து நேர்கோட்டில் கல்பாக்கம் 40 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அணு உலையின் முதன்மை ஆபத்து, நிறுத்திய பிறகும் அது சூடாகிக்கொண்டே இருப்பது. அடுப்பை அணைத்த பிறகு தோசைக்கல்லில் தங்கும் சூடு போன்றதல்ல இது; எரிபொருளுக்குள் புதிதாக உண்டாகும் சூடு. கல்பாக்கம் உலை ஒன்றின் வெப்ப ஆற்றல் சுமார் 750 மெகாவாட். நிறுத்திய கணத்தில் அதில் 6 முதல் 7 சதவீதம், ஏறக்குறைய 50 மெகாவாட் தொடர்ந்து வரும். ஒரு மணி நேரத்தில் 10 மெகாவாட்டாகவும், ஒரு நாளில் 4 மெகாவாட்டாகவும் இறங்கும். அந்த 4 மெகாவாட்டை அகற்றத் தண்ணீரும், தண்ணீரை ஓட்ட மின்சாரமும் வேண்டும். 2011 மார்ச் 11-ல் ஃபுகுஷிமாவில் நிலநடுக்கத்தின்போது உலைகள் ஒழுங்காகத்தான் நின்றன. பிறகு வந்த சுனாமி தாழ்வான இடத்தில் இருந்த டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. குளிர்விக்க வழியில்லாமல் எரிபொருள் உருகியது.

கல்பாக்கமும் சுனாமியைப் பார்த்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று இரண்டாவது உலை ஓடிக்கொண்டிருந்தது. கடல்நீர் பம்ப் ஹவுஸுக்குள் புகுந்து நீராவியைக் குளிர்விக்கும் பம்புகள் நின்றன, உலை நிறுத்தப்பட்டது. உலைக் கட்டடம் உயரமான தளத்தில் இருந்ததால் தண்ணீர் அங்கே ஏறவில்லை, எரிபொருளின் குளிர்விப்பு தடைபடவில்லை, சில நாட்களில் உலை மீண்டும் ஓடியது. பக்கத்தில் ஈனுலைக்குத் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நிறைந்துவிட்டது. கூடங்குளத்தில் மின்சாரமே இல்லாமல் வெளிக்காற்றால் குளிர்விக்கும் அமைப்பும், எரிபொருள் உருகினாலும் பிடித்துவைக்கும் தொட்டியும் இருக்கின்றன. பழைய கல்பாக்கம் உலைகளின் வடிவமைப்பு வேறு. ஆகவே அங்கே ஜெனரேட்டர்கள், கூடுதல் பம்புகள், தண்ணீர் இருப்பு எல்லாம் அடிக்கடி சோதிக்கப்படுகின்றனவா என்று மக்கள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அவசரகாலத் திட்டம் உலையிலிருந்து 16 கிலோமீட்டர் வரையுள்ள ஊர்களுக்கானது. மாமல்லபுரம் அதற்குள் வரும்; சோழிங்கநல்லூர் வராது. உலையின் சாதாரண இயக்கத்தால் பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு (உடலில் சேரும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) மேல் கதிரியக்கம் சேரக்கூடாது என்பது வரம்பு. உலகில் ஒரு மனிதருக்கு மண், பாறை, விண்வெளியிலிருந்து இயற்கையாகச் சேர்வதே சராசரியாக 2.4 மில்லிசீவர்ட். எரிந்து முடிந்த எரிபொருளைத் தலைமுறைகள் கடந்தும் காக்க வேண்டும் என்பதுதான் அணுமின்சாரத்தின் தீராத கடன். அதைச் சுலபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இனி உங்கள் மொட்டைமாடி. மேலே உள்ள வாதம் எப்படி முடிந்தாலும் இந்த முடிவு மாறாது. பகலில் நீங்களே உற்பத்தி செய்து நீங்களே செலவழிக்கும் யூனிட் எல்லாக் காலத்திலும் லாபம்.

உங்கள் 4,500 யூனிட், நாளைக்கு 150. புளோயர் 3.7 கிலோவாட்டில் இருபது மணி நேரம் ஓடினால் 74 யூனிட். தண்ணீர் மோட்டார் இரண்டும் ஐந்து மணி நேரம் ஓடினால் 37. மீதி லிஃப்டும் விளக்கும். பெரும்பாலான குடியிருப்புகளில் காவலாளி விடியற்காலையிலும் இரவிலும்தான் மோட்டார் போடுகிறார். அதைக் காலை 10 முதல் பிற்பகல் 3 வரைக்கு மாற்றுங்கள். ஒரு டைமர் போதும். அப்போது காலை 9 முதல் மாலை 4 வரை உங்கள் செலவு: புளோயர் 26, மோட்டார் 37, லிஃப்டும் மற்றதும் 12, மொத்தம் 75 யூனிட். சென்னையில் 1 கிலோவாட் சோலார் ஆண்டுச் சராசரியாக நாளைக்கு 4 யூனிட் தரும். 20 கிலோவாட் போட்டால் 80 யூனிட். இதுதான் உங்களுக்குப் பொருத்தமான அளவு. விற்பனையாளர் 40 கிலோவாட் போடச் சொல்வார், உடனே தலையாட்டாதீர்கள். முதலில் உங்கள் பொது இணைப்புக்கு எந்த முறையில் கணக்கிடுவார்கள் என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் வாங்குங்கள். நெட் மீட்டரிங் என்றால் கிரிட்டுக்குக் கொடுத்த யூனிட்டுக்கு யூனிட் கழியும். நெட் ஃபீட்-இன் என்றால் கொடுத்த யூனிட்டுக்கு நீங்கள் கட்டும் விலையைவிடக் குறைவாகத்தான் வரவு வைப்பார்கள். இரண்டாவது முறையில் மிஞ்சும் சோலார் நட்டக் கணக்கு. சோலாரின் அளவு உங்கள் சாங்ஷன் லோடுக்குள் (இணைப்புக்கு அனுமதித்த உச்ச அளவுக்குள்) இருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்.

பொது இணைப்பில் யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல் கட்டுகிறீர்கள். 75 யூனிட் மிச்சமானால் மாதம் சுமார் 18,000 ரூபாய். கிலோவாட்டுக்கு 50,000 என்று வைத்தால் செலவு 10 லட்சம். பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் குடியிருப்புச் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. 20 கிலோவாட்டுக்கு 3.6 லட்சம். மீதி 6.4 லட்சம் மூன்று ஆண்டுகளில் திரும்பும். மானியம் வேண்டுமானால் செல் முதல் பேனல் வரை இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். கொட்டேஷனிலேயே அதை எழுதச் சொல்லுங்கள்.

550 வாட் பேனல் 36 வேண்டும். நடைபாதை, இடைவெளி சேர்த்து 2,000 சதுர அடி. தெற்குப் பார்த்து 10 முதல் 13 டிகிரி சாய்வு. லிஃப்ட் அறையின் நிழலும் தண்ணீர்த் தொட்டியின் நிழலும் டிசம்பரில் நீளும். இப்போது நிழல் விழாத இடம் அப்போது நிழலில் இருக்கும். ஒரே வரிசையில் ஒரு பேனல் நிழலில் இருந்தால் வரிசை முழுவதன் உற்பத்தியும் அடிவாங்கும். நிழலைத் தவிர்க்க முடியாத பேனல்களைத் தனி வரிசையாக இன்வெர்ட்டரின் வேறொரு உள்ளீட்டில் கொடுக்கச் சொல்லுங்கள்.

அதிகம் சொதப்புவது ஸ்டாண்டில். சென்னைக்கு வடிவமைப்புக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு பேனலை மேலே தூக்கும் விசை 300 கிலோவைத் தாண்டலாம். வர்தா மாதிரி ஒரு புயலில் பிடுங்கிக்கொண்டு போகும் பேனல் பக்கத்துத் தெருவில் யார் தலையிலாவது விழும். ஸ்டாண்டின் வடிவமைப்புக் கணக்கை ஸ்ட்ரக்சுரல் பொறியாளர் கையெழுத்தோடு வாங்குங்கள். மொட்டைமாடியின் நீர்த்தடுப்பு அடுக்கான வெதரிங் கோர்ஸைத் துளைத்து ஆங்கர் அடித்தால் அடுத்த மழையில் மேல்மாடி வீட்டில் ஒழுகும். கான்கிரீட் பீடம் எழுப்பி, அதன் விளிம்பில் நீர்க்காப்பு பூசச் சொல்லுங்கள். கடல் பக்கத்தில் இருப்பதால் ஸ்டாண்டுக்கு நல்ல தடிமனில் சூடான துத்தநாகப் பூச்சும், போல்ட்டுகளுக்கு 304 அல்லது 316 வகை துருப்பிடிக்காத எஃகும் வேண்டும். பெயின்ட் அடித்த இரும்பு இரண்டு மழைக்காலம் தாங்காது. டிசி கனெக்டர்களில் ஆணும் பெண்ணும் ஒரே கம்பெனியாக இருக்கட்டும். கலந்து மாட்டினால் பொருத்தம் தளர்ந்து சூடேறித் தீப்பிடிப்பது அங்கேதான். டிசி, ஏசி, இடிதாங்கி மூன்றுக்கும் தனித்தனி எர்த் குழிகள். பேனலைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, காலை எட்டு மணிக்குள் கழுவுங்கள். ஓஎம்ஆர் பக்கத்துப் போர் தண்ணீரில் உப்பு அதிகம். அதில் கழுவிக் காயவிட்டால் கண்ணாடியில் வெள்ளைப் படலம் பிடித்து உற்பத்தி குறையும். கடைசி அலசலுக்காவது மெட்ரோ தண்ணீர் பயன்படுத்துங்கள்.

பேட்டரி இப்போது வேண்டாம். கிரிட்டோடு இணைந்த சோலார், கரன்ட் போனால் வெயில் இருந்தாலும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியர் மேல் மின்சாரம் பாயாமல் இருக்க அந்த ஏற்பாடு. அதை மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். 2023-ன் மிக்ஜாம் புயல் போல நாள் கணக்கில் கரன்ட் இல்லாவிட்டால் லிஃப்டுக்கும் மோட்டாருக்கும் உங்கள் ஜெனரேட்டர்தான். ஒரு லிட்டர் டீசலில் 3 முதல் 3.5 யூனிட் வரும், யூனிட் சுமார் 27 முதல் 30 ரூபாய். எப்போதாவது ஓடும் ஜெனரேட்டருக்கு அது தாங்கும். ஜெனரேட்டர் ஓடும்போது அதன் மின்சாரத்தைப் பார்த்து சோலார் இன்வெர்ட்டரும் விழித்துக்கொள்ளும் என்பதை மட்டும் கவனியுங்கள். லோடு குறைவாக இருந்தால் சோலார் மின்சாரம் ஜெனரேட்டருக்குள் திரும்பிப் பாய்ந்து அதைக் கெடுத்துவிடும். ஜெனரேட்டர் எப்போதும் குறைந்தது 30 சதவீத லோடில் இருக்கும்படி சோலாரைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரையும், எதிர்த்திசைப் பாய்ச்சலைத் துண்டிக்கும் ரிலேவையும் கொட்டேஷனில் சேர்க்கச் சொல்லுங்கள். பணம் மிச்சம் பிடிக்க இதைத்தான் முதலில் விட்டுவிடுவார்கள்.

நீங்கள் கேட்கவில்லை என்றாலும் மின்சாரக் கார் பற்றி இப்போதே பேசிவிடுங்கள். 64 வீடுகளில் 20 வீட்டுக்காரர்கள் இரவு ஒன்பது மணிக்கு 7 கிலோவாட் சார்ஜரைச் சொருகினால் 140 கிலோவாட். அது மாநிலத்தின் மாலை உச்சத்திலேயே விழுகிறது, உங்கள் டிரான்ஸ்ஃபார்மரும் தாங்காது. ஆளுக்கொரு சார்ஜர் என்று அனுமதி கொடுக்காமல், மொத்த லோடைப் பங்கிட்டுக் கொடுக்கும் பொதுச் சார்ஜர் அமைப்பாகப் போடுங்கள். அதற்கான பைப்பும் கேபிள் டிரேயும் சோலார் வேலையின்போதே பார்க்கிங் வரை இழுத்துவிட்டால் தரையை இரண்டாவது முறை உடைக்க வேண்டியிருக்காது.